துளிக் கணக்கு: நறுமண எண்ணெய்கள் பற்றி வாசகர் கேள்விகள்

நறுமண எண்ணெய்கள் உடலுக்கும் மனதுக்கும் என்ன செய்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் கைக்குழந்தைகளைப் பற்றியவற்றுக்கு முதலிடம் தருகிறோம். அவைதான் அவசரமானவை. பதில்களில் 'துளி' என்று வரும் இடமெல்லாம் 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லி என்ற கணக்கு. சில பாட்டில் மூடிகளில் துளி சிறிதாக விழும். 30 துளி விட்டால்தான் ஒரு மில்லி வரும். உங்களிடம் உள்ள பாட்டிலை, ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் துளித்துளியாக விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு எட்டு மாதம். சளி பிடித்தால் மாமியார் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்கிறார். தலையணையில் நீலகிரித் தைலமும் இரண்டு சொட்டு விடுகிறார். "உன் வீட்டுக்காரனை இப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். எதிர்த்துப் பேசவும் மனசு வரவில்லை. இது சரிதானா?
— வாசகி, திருச்சி

இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அத்தை அன்போடுதான் செய்கிறார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் உடலுக்குள் போகும். உள்ளே போனதும் நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிடும். அளவு மீறினால் வலிப்பு வரும். இரண்டு வயதுக்குள் தோல் மெல்லியது. எடைக்குத் தோலின் பரப்பும் அதிகம். பெரியவருக்கு ஒன்றும் செய்யாத அளவு, குழந்தைக்கு அதிகமாகிவிடும்.

கணக்காகவே சொல்கிறோம். கற்பூரம் வயிற்றுக்குள் போயிருந்தால், எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது நச்சு முறிவு மருத்துவத்தின் விதி. 10 கிலோ குழந்தைக்கு அது 300 மில்லிகிராம், அதாவது ஒரு சிறு துண்டு. அமெரிக்காவில் கடையில் விற்கும் தடவு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வீட்டில் காய்ச்சும்போது எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கரண்டி எண்ணெயில் நான்கு வில்லை போட்டுவிட்டால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். பச்சைக் கற்பூரமும் கற்பூரம்தான். சாப்பிடுகிற பொருள் என்பதால் குழந்தைக்குத் தடவலாம் என்று ஆகாது.

நீலகிரித் தைலத்தில் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். யூகலிப்டால் என்றும் சொல்வார்கள். தைலம் மூக்கருகே படும்போது சில குழந்தைகளுக்குத் தொண்டைக் குழல் சட்டென்று இறுகி மூச்சு நின்றுபோகும். மெந்தால் உள்ள பாம்களும் அப்படியே. விக்ஸ் போன்ற டப்பாக்களில் 'இரண்டு வயதுக்குள் பயன்படுத்த வேண்டாம்' என்று அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். அத்தையிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அந்த வரியை மட்டும் காட்டுங்கள்.

அதற்குப் பதிலாக: மருந்துக் கடையில் 0.9 சதவீத உப்புக் கரைசல் மூக்குச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு மூக்குக்கு இரண்டு சொட்டு விடுங்கள். சளி இளகியதும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பால் கொடுங்கள். தாய்ப்பாலை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை சூடத்தை வாயில் போட்டுக்கொண்டாலோ தைலத்தைக் குடித்துவிட்டாலோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு ஐந்து, பத்து நிமிடத்திலேயே வரக்கூடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். நீலகிரித் தைலம் ஒரு டீஸ்பூன் போனாலே குழந்தை மயங்கிவிடும். பூஜை அலமாரியில் கீழ்த்தட்டில் சூடம் வைத்திருந்தால் இன்றைக்கே மேல்தட்டுக்கு மாற்றுங்கள்.

ஓய்வு பெற்றவன். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் இல்லை. மகள் லாவெண்டர் எண்ணெய் வாங்கி அனுப்பியிருக்கிறாள். வாசனை பார்ப்பதால் மூளை மாறுமா? மனப்பிரமையா?
— வாசகர், மதுரை

பிரமை மட்டும் என்று ஒதுக்க முடியாது. மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே உள்ளாக, நுகர் செல்கள் அமைந்த சிறு பகுதி இருக்கிறது. மனிதருக்குச் சுமார் 400 வகை நுகர் ஏற்பிகள் வேலை செய்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் 2004-இல் ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பார்ப்பதும் கேட்பதும் முதலில் தாலமஸ் என்ற நடுநிலையத்துக்குப் போய்த்தான் மற்ற இடங்களுக்குப் பிரிகின்றன. வாசனை அந்த நிலையத்தில் நிற்காமல், பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலாவுக்கும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்கும் நேரே போகிறது. பெயர் நினைவுக்கு வருவதற்கு முன்பே மனம் இளகுவது இதனால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. லாவெண்டரின் முக்கியப் பொருட்களான லினலூலும் லினலைல் அசிடேட்டும் இரத்தத்தில் கலக்கின்றன. கலந்த எண்ணெயை வயிற்றில் தேய்த்துச் சோதித்தபோது இருபது நிமிடத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தை எட்டியிருந்தது. ஆனால் அளவு மிகச் சிறிது. அதனால் மணத்தை நுகர்வதால் வருவது மெல்லிய பதற்றக் குறைவு. தூக்க மாத்திரையின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. இந்த மணம் தூக்கத்துக்கு நல்லது என்ற எதிர்பார்ப்பும் பலனில் ஒரு பங்கு வகிக்கிறது. பலன் கிடைக்கிறவரை அதனால் குறையொன்றுமில்லை.

செய்முறை: படுப்பதற்கு அரை மணி முன்பு ஒரு பஞ்சில் இரண்டு துளி விட்டு, தலையணையிலிருந்து ஒரு கை தூரத்தில் சிறு கிண்ணத்தில் வையுங்கள். தலையணை உறையிலேயே விட்டால் கன்னத்தில் பட்டு அரிக்கும். ஐந்து நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும், மணம் தெரியாது. 'போய்விட்டது' என்று எண்ணி மேலும் மேலும் விடுவதால்தான் காலையில் தலைவலி வருகிறது. தினமும் ஒரே நேரம், ஒரே மணம், விளக்கணைப்பு என்று இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். மணம் வந்தால் தூக்கம் என்று உடல் கற்றுக்கொள்ள அவ்வளவு நாள் ஆகும்.

பாட்டிலில் தாவரப் பெயரைப் பாருங்கள். லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று இருக்க வேண்டும். ஜம்மு-காஷ்மீரின் தோடா மாவட்டத்தில் பதர்வா பகுதி விவசாயிகள் இப்போது பயிரிடுவது இந்த வகைதான். லாவண்டின், ஸ்பைக் லாவெண்டர் என்று இருந்தால் அவற்றில் கற்பூரச் சத்து கூடுதல். தூக்கத்துக்கு ஏற்றவை அல்ல. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் மாத்திரை பதற்றத்துக்கு மருந்தாக விற்கிறது. அது அளவும் தரமும் கட்டுப்படுத்திய மருந்து. அதைச் சொல்லி பாட்டில் எண்ணெயைக் குடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இரண்டு மணிக்கு விழிப்பது சிறுநீர் கழிக்கவா, குறட்டையில் மூச்சுத் திணறியா, மனச்சோர்விலா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றுக்கு லாவெண்டர் மருந்தாகாது.

ஊட்டியிலிருந்து வரும்போது நீலகிரித் தைலம், விண்டர்கிரீன், லெமன்கிராஸ், ரோஸ், சந்தனம் என்று ஐந்து பாட்டில் வாங்கினோம். எல்லாம் ஒரே விலை. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, ஈரோடு

ஒரே விலை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். 1840-களில் விறகுக்காக நீலகிரியில் நட்டார்கள். இன்று இலை தாராளமாகக் கிடைக்கிறது. 100 கிலோ இலையை ஆவியில் வடித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தைலம் இறங்கும். ரோஜாவில் அதே ஒரு கிலோ எண்ணெய்க்கு ஆயிரக்கணக்கான கிலோ பூ வேண்டும். சந்தனத்துக்குப் பல ஆண்டு முதிர்ந்த வயிரக் கட்டை வேண்டும். இவை மூன்றும் ஒரே விலைக்கு வர வழியே இல்லை. ரோஸும் சந்தனமும் செயற்கை வாசனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறையில் மணத்துக்கு வைக்கலாம், தோலில் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்: வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வையுங்கள். நீலகிரித் தைலம், லெமன்கிராஸ் போன்றவை சுவடில்லாமல் ஆவியாகிவிடும். பஜ்ஜி வைத்த தாள் போல எண்ணெய்க் கறை தங்கினால் தேங்காய் எண்ணெயோ திரவப் பாரஃபினோ கலந்திருக்கிறது. சந்தனமும் வெட்டிவேரும் இதற்கு விலக்கு. அசலாக இருந்தாலும் கறை நெடுநேரம் நிற்கும். அடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு துளி விடுங்கள். மேலே மிதந்தால் சரி. விண்டர்கிரீன் மட்டும் தண்ணீரைவிடக் கனம், அசலே அடியில் போய்விடும். பால் போல வெளுத்துக் கலைந்தால் சாராயமோ கரைப்பானோ சேர்த்திருக்கிறார்கள். இந்த இரண்டிலும் தேறிவிட்டால் அசல் என்று முடிவுகட்டிவிட முடியாது. மலிவான டர்பன்டைன் கலந்தாலும் இரண்டிலும் தேறும். அதைக் காட்டிக்கொடுப்பது, எண்ணெயில் என்னென்ன பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வகத்தின் ஜிசி-எம்எஸ் அறிக்கைதான். நல்ல தயாரிப்பாளர்கள் தொகுதி எண்ணோடு அதைத் தருவார்கள். தாவரப் பெயர், எந்தப் பாகம், எந்த நாடு, எப்போது வடித்தது என்பவற்றையும் லேபிளில் போடுவார்கள்.

உங்கள் ஐந்து பாட்டிலில் எங்களுக்குக் கவலை தருவது விண்டர்கிரீன். மூட்டுவலிக்கு வாங்கியிருப்பீர்கள். அது ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரையில் சொன்னால் 21 மாத்திரை. குழந்தை ஒரு வாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முழங்காலில் தடவினாலே இரத்தக் கசிவு வரக்கூடும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ போட்டால் உள்ளே போகும் அளவு கூடிவிடும். அந்த பாட்டிலைப் பூட்டி வையுங்கள்.

முகப்பருவுக்கு டீ ட்ரீ ஆயிலை அப்படியே தொட்டு வைத்தேன். மூன்றாம் நாள் கன்னம் சிவந்து தோல் உரிகிறது. ஆயில் ஒத்துக்கொள்ளவில்லையா?
— கல்லூரி மாணவி, கோவை

எண்ணெயைக் கலக்காமல் தொட்டதுதான் தவறு. இப்போது செய்ய வேண்டியது: அதை நிறுத்துங்கள். வாசனையில்லாத சோப்பும் வெறும் மாய்ஸ்சரைசரும் போதும். ஒரு வாரத்துக்கு ஸ்க்ரப், எலுமிச்சை, மஞ்சள் பூச்சு எதுவும் வேண்டாம். கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். இனி எந்த நறுமண எண்ணெய் தவறிப் பட்டு எரிந்தாலும் முதலில் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் அது கரையாது. கண்ணில் பட்டால் மட்டும் ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

டீ ட்ரீ பருவுக்குப் பலன் தருவது உண்மை. ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வு 1990-இல் வெளியானது. 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது. ஆனால் தோல் வறட்சியும் எரிச்சலும் குறைவு. கவனியுங்கள், அங்கே 5 சதவீதம். நீங்கள் வைத்தது 100 சதவீதம்.

கலப்புக் கணக்கை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள். முகம் முழுதும் தடவ ஒரு சதவீதம்: 30 மில்லி எண்ணெய்க்கு 6 துளி. உடல் மசாஜுக்கு இரண்டு சதவீதம்: 30 மில்லிக்கு 12 துளி. பருவின் மேல் மட்டும் ஒற்றியெடுக்க ஐந்து சதவீதம்: 10 மில்லிக்கு 10 துளி. பருவுள்ள முகத்துக்குத் தேங்காய் எண்ணெயில் கலக்க வேண்டாம், துளைகளை அடைக்கும். ஜொஜோபா எண்ணெய் ஏற்றது. கற்றாழை ஜெல்லில் கலக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. ஜெல்லில் இருப்பது தண்ணீர். எண்ணெய் அதில் கரையாமல் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு விரல் ஜெல்லில் ஒன்றுமிராது, அடுத்த விரலில் முழுத் துளியும் இருக்கும். தயார் நிலையில் 5 சதவீத ஜெல் வாங்குவது மேல்.

கலந்ததை முதலில் முழங்கை மடிப்பில் ஒரு காசு அளவு தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஒவ்வாமை மெதுவாகத்தான் வெளிப்படும். அன்றைக்கே ஒன்றுமில்லை என்று முகத்துக்குப் போய்விடாதீர்கள். இன்னொன்று: உங்கள் பாட்டில் எப்போது திறந்தது? காற்றுப் பட்டுப் பழசான டீ ட்ரீயில் புதிதாக உருவாகும் பொருட்கள்தான் தோலை அதிகம் கடுப்பேற்றுகின்றன.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு ஆறு மாதமாக வாசனையே தெரியவில்லை. சாம்பார் அடிப்பிடித்தாலும் தெரிவதில்லை. நறுமண எண்ணெயை முகர்ந்தால் திரும்பும் என்கிறார்களே?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

நறுமண எண்ணெய்களின் பயன்களிலேயே எங்களுக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட 'நுகர் பயிற்சி' இன்று உலகெங்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சொல்லும் முறை. அடிபட்ட நுகர் செல்கள் மறுபடி முளைக்கக்கூடியவை. பழக்கப்பட்ட மணங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினால் புதுச் செல்களும் மூளையும் மீண்டும் இணையக் கற்றுக்கொள்கின்றன.

நான்கு சிறிய கண்ணாடி பாட்டில்கள், அகல வாய், இறுகிய மூடியோடு. ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சு உருண்டை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் என நான்கு மணங்கள், பஞ்சில் பத்துப் பன்னிரண்டு துளி வீதம். பெயர் எழுதி ஒட்டுங்கள். காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. மூடியைத் திறந்து மூக்கிலிருந்து ஓர் அங்குலத்தில் பிடித்து, 15 முதல் 20 நொடி, சிறு சிறு மூச்சாக முகருங்கள். வேகமாக இழுத்தால் மூக்கு எரியும். அந்த எரிச்சல் வேறு நரம்பின் வேலை, வாசனை அல்ல. முகரும்போது அந்த மணத்தை மனதில் கொண்டுவாருங்கள்: பிரியாணி அண்டாவைத் திறந்தபோது வந்த கிராம்பு, கல்யாணப் பந்தியில் தெளித்த பன்னீர். இதை வேடிக்கையாக எண்ண வேண்டாம். பயிற்சியின் ஒரு பகுதி. அரை நிமிடம் விட்டு அடுத்த பாட்டில். குறைந்தது 12 வாரம். முடிந்தால் 24 வாரம். எலுமிச்சைப் பஞ்சை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், அதன் மணம் சீக்கிரம் கெடும்.

நடுவில் காபி கருகின ரப்பர் போலவோ, வெங்காயம் அழுகியது போலவோ மணந்தால் பயப்பட வேண்டாம். நரம்பு தவறாக இணைந்து பிறகு திருந்துகிற காலம் அது. பல பேருக்கு வருவதுதான். எல்லோருக்கும் முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆறு மாதமாகிவிட்டதால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.

அதுவரை ஒரு காரியம் உடனே செய்யுங்கள். சமையல் எரிவாயுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியவே மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். உங்களுக்கு அது தெரியாது. கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்றை அடுப்படியில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் மாட்டுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் பரவும். பாலைத் தேதி எழுதி வையுங்கள்.

என் தம்பிக்கு வலிப்பு நோய். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். ஆனாலும் அவ்வப்போது வருகிறது. தலைவலித் தைலம் தினமும் தேய்ப்பான். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?
— வாசகர், சேலம்

இருக்கலாம். இப்படிக் கவனித்துக் கேட்டதற்கு நன்றி. கற்பூரமும் சினியோலும் உள்ள தைலம், பாம், ஆவி பிடித்தல், சில பற்பசைகள் ஆகியவற்றால் தூண்டப்பட்ட வலிப்புகளைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். முன்பு வலிப்பே வராத பெரியவர்களும் அதில் உண்டு. தைலத்தை நிறுத்தியதும் வலிப்பும் நின்றவர்கள் உண்டு. ரோஸ்மேரி, சேஜ், ஹிசாப், பெருஞ்சீரக எண்ணெய்களும் இந்தப் பட்டியலில் வரும். வீட்டில் அவர் தொடும் எல்லா டப்பாக்களின் சேர்க்கைப் பட்டியலையும் படித்து, கற்பூரம், யூகலிப்டஸ் உள்ளவற்றை அகற்றுங்கள். வீட்டில் மற்றவர்களும் அவர் அருகே தேய்க்க வேண்டாம். எந்த நாளில் வலிப்பு, அன்று என்ன தேய்த்தார் என்று எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

வலிப்பு வரும்போது மூக்கில் தைலம் காட்டுவதும் கையில் சாவிக்கொத்து திணிப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

கோடையில் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடுவோம். வேருக்குப் பதில் வெட்டிவேர் எண்ணெய் இரண்டு துளி விட்டால் போதும் என்கிறார் கடைக்காரர்.
— வாசகி, கடலூர்

வேரையே போடுங்கள். கடலூர் மணலில் விளையும் வேர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எண்ணெய் எதற்கு? வேரைப் பல மணி நேரம் ஆவியில் வடித்தால் நூற்றுக்கு ஒரு பங்கு போலத்தான் எண்ணெய் இறங்கும். ஒரு துளி சுமார் 50 மில்லிகிராம். அதற்குள் 5 கிராம் வேரின் மொத்த எண்ணெயும் இருக்கிறது. பானையில் ஊறும் வேர் அதில் மிகச் சிறு பங்கைத்தான் தண்ணீருக்குத் தரும். தவிர, விட்ட துளி கரையாமல் மேலே மிதக்கும். முதலில் மொண்டு குடிப்பவர் தொண்டைக்கு அது அப்படியே போகும். எந்த நறுமண எண்ணெயையும் தண்ணீரில் விட்டுக் குடிக்கக்கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வாளித் தண்ணீரில் துளி விட்டுக் குளிக்கலாமா என்று கேட்ட நாமக்கல் வாசகிக்கும் இதே காரணம். மிதக்கும் எண்ணெய் முதல் சொம்பிலேயே தோலில் ஒட்டி எரியும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு 30 மில்லி நல்லெண்ணெயில் 6 துளி லாவெண்டர் கலந்து தேய்த்துக் குளியுங்கள்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய்?
— வாசகர், நாகர்கோவில்

இரவைத் தாண்டுவதற்கு உதவும். அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்க வைக்கும். பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடோடு கலந்து தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு துளிக்கு ஐந்து துளி நல்லெண்ணெய் கலந்து, தீக்குச்சித் தலை அளவு பஞ்சில் தொட்டு, குழிக்குள் மட்டும் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். ஈறில் பட்டால் வெளுத்துப் புண்ணாகும். சிறுவர்களுக்கு வேண்டாம். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ விடிந்ததும் மருத்துவரிடம் போய்விடுங்கள். வலி நின்றாலும் சொத்தை நிற்கவில்லை.

ஆவி பிடித்தால் மூக்கு திறக்கிறதே, அது எப்படி?
— வாசகர், காரைக்குடி

ஆவி பிடிக்கப் போடும் பாமில் உள்ள மெந்தால் அடைப்பைக் கரைப்பதில்லை. மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுகிறது. குளிர்ந்த காற்று நிறையப் போகிறது என்று மூளை எண்ணிக்கொள்கிறது. அளந்து பார்த்தால் காற்றோட்டம் மாறியிராது. ஆறுதல் கிடைப்பது உண்மைதான். பெரியவர்கள் ஒரு துளி நீலகிரித் தைலம் விட்டு, கண்ணை மூடி, ஐந்து நிமிடம் பிடிக்கலாம். கொதிக்கும் பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல் மேசை மேல் வையுங்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிறவர்கள் அதிகம். சிறுவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

தலைவலிக்குக் கேட்டிருந்த வேறு சிலருக்கு: 1996-இல் ஜெர்மனியில் நடந்த சோதனையில், நெற்றியில் தடவிய 10 சதவீத புதினா எண்ணெய்க் கரைசல் இறுக்கத் தலைவலிக்கு 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் அளவுக்கு வேலை செய்தது. நெற்றிப் பொட்டில் தடவுங்கள். கண்ணிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

எண்ணெய் மணத்தை நுண்துளிகளாக அறையில் பரப்பும் டிஃப்யூசர் வாங்கியிருக்கிறோம். வீட்டில் பூனை இருக்கிறது. மாமனாருக்கு ஆஸ்துமா.
— வாசகி, சென்னை

அப்படியானால் அந்த வீட்டில் டிஃப்யூசர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எந்தக் காட்டமான மணமும் மாமனாரின் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். இயற்கை எண்ணெய் என்பதால் விலக்கு இல்லை. பூனையின் ஈரலில் இந்த வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் நொதி போதாது. புகை போல வரும் நுண்துளிகள் அதன் ரோமத்தில் படியும். அது நக்கி நக்கி உள்ளே தள்ளும். டீ ட்ரீ, யூகலிப்டஸ், லவங்கப்பட்டை, கிராம்பு, விண்டர்கிரீன், எலுமிச்சை வகை எல்லாம் ஆபத்து. எச்சில் வடிதல், தள்ளாட்டம், நடுக்கம் கண்டால் கால்நடை மருத்துவர்.

பூனையும் ஆஸ்துமாவும் இல்லாத வீட்டில்: 100 மில்லி தண்ணீருக்கு 3 துளி, அரை மணி ஓட்டி ஒரு மணி நிறுத்தி, சன்னல் கொஞ்சம் திறந்து. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு வெள்ளைப் பொடியாக மேசையெல்லாம் படியும், நுரையீரலுக்கும் போகும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை ஒரு டீஸ்பூன் வினிகர் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டி, அடியிலுள்ள வட்டத் தகட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு படிந்து புகை குறைந்துகொண்டே வரும். கூடவே பூஞ்சையும் பிடிக்கும்.

எலுமிச்சை எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து கையில் தேய்த்துக்கொண்டு வயலுக்குப் போனேன். தேய்த்த இடம் கறுத்துவிட்டது.
— வாசகர், திண்டிவனம்

பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களில் ஃபுரோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அவை தோலைச் சுட்டுவிடும். கறுப்பு மங்க மாதக்கணக்காகும். முழுக்கைச் சட்டை போடுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். இனி தேய்த்தால் 18 மணி நேரம் வெயில் படக்கூடாது. ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கிய எண்ணெய்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வைத்தால் பரவாயில்லையா?
— வாசகி, விருதுநகர்

ஆரஞ்சு எண்ணெய் ஒரு துளியைத் தெர்மோகோல் மேல் விட்டுப் பாருங்கள். கண்ணெதிரே குழி விழும். பிளாஸ்டிக்கும் மெதுவாக அப்படித்தான் இளகி எண்ணெயில் கலக்கும். ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக் குழாயை பாட்டிலிலேயே போட்டு வைத்தாலும் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும். அடர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், இறுகிய மூடி, சமையலறைச் சூட்டிலிருந்து தள்ளி. பாதி காலியானால் சிறிய பாட்டிலுக்கு மாற்றுங்கள், உள்ளே இருக்கும் காற்றுதான் கெடுக்கிறது. எலுமிச்சை வகைகளும் டீ ட்ரீயும் திறந்து ஓர் ஆண்டு. லாவெண்டர் இரண்டு ஆண்டு. வெட்டிவேரும் சந்தனமும் வைக்க வைக்க மெருகேறும். திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். கெட்டுப்போனதைத் தோலில் தடவாமல், கையுறை போட்டுக்கொண்டு தரை துடைக்கத் தீர்த்துவிடுங்கள். நீலகிரித் தைலத்தின் ஆவி 50 டிகிரி சூட்டுக்குள்ளேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். குத்துவிளக்கு எரியும் இடத்தில் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.